கள்ளித்தொட்டி அண்ணாச்சி

ராஜபாளையத்தில் மில்லிலோ பாங்கிலோ பேண்டேஜ் துணி வியாபாரத்திலோ காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்களில் சிலர் நாய் வளர்க்கிறார்கள். சிலர் சப்பட்டை மாம்பழம் முன்போல் இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் கள்ளித்தொட்டி வைக்கிறார்கள். இந்த மூன்றாம் வகையினரை ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றே சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா வாங்கித் திரும்பும் வழியில் நர்சரியைப் பார்த்து வண்டியை நிறுத்துவார். அகலப் பீங்கான் தட்டத்தில் நாலைந்து கள்ளி, வெள்ளைக் கூழாங்கல், நடுவே விரற்கடை உயரத்தில் ஒரு புத்தர் என்று ஒன்றை மடியில் ஏந்தி வீடு வந்து சேர்வார். கேட்டால், "இதுக்கு ஒரு வேலையும் கிடையாது. அது பாட்டுக்குக் கெடக்கும்" என்பார். கள்ளியைப் பொறுத்தவரை இது முக்கால்வாசி உண்மை. ஆனால் எதையும் அது பாட்டுக்குக் கிடக்கவிடும் சுபாவம் அண்ணாச்சிக்கு ஏது? கள்ளி வைப்பவரைச் சோம்பேறி என்று ஊர் நினைப்பது தப்புக் கணக்கு. அவர் சும்மா இருக்கத் தெரியாதவர். இதுவே என் கட்சி. சாட்சி வேண்டுமானால் அவருடைய மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்திருக்கும் காலித் தொட்டிகளைப் பார்க்கலாம்.

கள்ளியைக் கொல்வது லேசுப்பட்ட காரியமில்லை என்பதற்குச் சரித்திரமே இருக்கிறது. நாம் சொந்தச் செடி என்று நினைக்கும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது வேறு ரகம். சாயம் தேறவில்லை, அந்தக் கள்ளியினம்தான் தின்று தீர்க்கப்பட்டது. அதற்குப் பிறகும் இன்னொரு சப்பாத்திக்கள்ளி தென்னாடெங்கும் பரவி, வெட்டிப் போட்ட துண்டெல்லாம் வேர்விட்டு, கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. மண்வெட்டிக்கு மசியாத குடும்பம் இது. அதே குடும்பத்துப் பிள்ளை அண்ணாச்சி வீட்டில் ஒரு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டுவதில்லை என்றால் குற்றம் யார் பேரில்?

தண்ணீர்தான் கொலைக் கருவி. குழாயில் தண்ணீர் வரும் நாளில் பழைய தண்ணீரை எங்காவது கொட்டியாக வேண்டும். செடி இருக்கும்போது சாக்கடையில் கொட்ட நம்மவர்களுக்கு மனசு வராது. போதாததற்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர். துளசியடியில் ஆண்டாள் கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களின் வீட்டில், காலையில் துளசிக்குச் சாய்த்த செம்பில் மிச்சம் இருந்தால் கை தானாகப் பக்கத்துத் தொட்டிக்குப் போகும். துளசிக்கு அது புண்ணியம், கள்ளிக்குப் பால். கடைசிப் பால். அண்ணாச்சி இதோடு விடுவதும் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் சத்து என்பார், டீத்தூள் உரம் என்பார். அடித்தண்டு பழுத்துக் கொழகொழத்துச் சாய்ந்ததும், "வாடுது போல" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார்.

தண்ணீருக்குத் தப்பினால் வெளிச்சம் இருக்கிறது. வெயிலில் வாடுமே என்று தட்டத்தை ஹாலுக்குள் டிவி பக்கத்தில் வைப்பார். வெளிச்சம் தேடித் தேடிக் கள்ளி ஒல்லியாக, வெளிறி, பென்சில் கனத்துக்கு நீளும். "எப்படி வளருது பாத்தியளா!" என்று வருகிறவர்களிடம் காட்டுவார். அது பசியில் நீளும் கழுத்து என்று யாரும் சொல்வதில்லை. தட்டத்தில் எல்லோரையும் கவரும் சிவப்புத் தலைக்கள்ளிக்குப் பச்சையமே கிடையாது. கீழே டிராகன் பழக் கள்ளியின் பச்சைத் தண்டு. மேலே ஒட்டுக்கட்டிய சிவப்புத் தலை, வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, தண்டின் சம்பாத்தியத்தில் பிழைக்கிறது. மஞ்சள் பூ பூத்திருந்ததே என்றால், அது பசை வைத்து ஒட்டிய காய்ந்த பூ. மாசக்கணக்கில் வாடாமல் இருக்கும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருக்குப் பெருமைதான் வந்தது.

நடுகிற வேலையில் அண்ணாச்சியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் தென்னைநார்த் தூள் அடைத்திருக்கும். அது ஈரத்தை விடாது, ஆகவே வேரிலிருந்து உதிர்த்துவிட வேண்டும். நாளிதழை நாலாக மடித்துப் பட்டையாக்கிச் செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. ஆற்றுமணல், பொடிக் கல், கொஞ்சம் மக்கிய உரம், அடியில் துளையுள்ள மண்தொட்டி. நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. அறுந்த வேர் ஆறட்டும். இவ்வளவும் அவர் ஒழுங்காகச் செய்வார், கடைசி வாக்கியம் நீங்கலாக. முயல்காதுக் கள்ளியை மட்டும் வெறுங்கையால் தடவிப் பார்ப்பார், பட்டுப்போல் இருக்கிறதே என்று. அந்தப் பட்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முள். பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்தும் அது உதவாது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிடுங்க வேண்டும்.

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்பார்கள் சிலர். ரோஜாவையும் எலுமிச்சையையும் காகிதப்பூவையும் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து அவர்கள் இதைச் சொல்லட்டும். பூசைக்காகாத செடி எதற்கு என்பது கொஞ்சம் கனமான கேள்வி. மாலை கட்டியே பேர்பெற்ற ஊர்ப்பக்கம் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வீடுகளின் வாசலில் திருஷ்டிக்கு என்று ஒரு கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது. மண்ணில்லை, தண்ணீரில்லை, சில சமயம் பூக்கக்கூடச் செய்கிறது. அண்ணாச்சி அதைத் தொடுவதில்லை. தொட்டால் திருஷ்டி என்ற பயம். இருக்கிற செடிகளிலேயே ஆரோக்கியமாக இருப்பது அதுதான். அப்படியானால் அக்கறையே கூடாதா என்று கேட்பது நியாயம். கவனிப்பாரற்றும் கள்ளி சாகும், மறுக்கவில்லை. ஆனால் கள்ளி பகலில் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சுவிடுகிற பிராணி. நிதானமே அதன் தொழில். சித்திரை வெயிலில் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, மண் முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஊற்றுவது அண்ணாச்சிக்குப் பாடம். காத்திருப்பதுதான் வரவில்லை.

ஆகவே இந்தத் தீபாவளிக்குக் கள்ளித்தட்டம் வாங்குகிறவர்கள் முதலில் அதைத் தூக்கி அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அடைமழைக்கு முன் சன்ஷேடுக்கு அடியில், வெளிச்சம் படும் இடமாக, துளசித் தொட்டிக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். வீட்டில் அண்ணாச்சி இருந்தால் அவருக்கு ஒரு வாழைக்கன்றும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கவனித்துக்கொள்ளட்டும்.