நண்டு ஓட்டில் என்ன எழுதியிருக்கு?

● தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எல்லா நண்டுக்கும் 'கேக்டா' என்று ஒரே பெயர். எப்படிப் பிரிப்பது?
(ஆர்.கே. புரம் வாசகர்)

முதுகைப் பாருங்கள். பின்பக்கம் மூன்று பொட்டு இருந்தால் முக்கண் நண்டு. நடு முதுகில் சிலுவைக் குறி தெரிந்தால் சிலுவை நண்டு. லத்தீன் தெரியாமலே நம் கடலோரத்தார் வகைப்படுத்தி முடித்துவிட்டார்கள்!

● அப்படியானால் நிறமும் குறியும் போதுமே?
(மயூர் விஹார் வாசகி)

குழம்பு கொதிக்கும்வரை போதும். ஓட்டில் இருப்பது அஸ்டாக்ஸாந்தின் என்ற சிவப்பு நிறமி. ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடித்திருப்பதால்தான் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் பிடி விட்டுப்போகிறது; எல்லா நண்டும் ஒரே சிவப்பு. முள்ளும் மேடுபள்ளமும் மட்டும் சட்டியிலும் மாறாது. அதனால்தான் ஆய்வாளர்கள் ஓட்டைத் தடவிப் பார்த்து வழவழப்பா, குழியா, மணல்மணியா, முள்ளா, பூமயிரா என்று எழுதி வைக்கிறார்கள்.

● கழி நண்டில் இரண்டு வகையாமே?
(முனிர்கா வாசகர்)

உலகில் நான்கு. 1998-ல் கீனன், டேவி, மான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எத்தனை வகை என்ற குழப்பத்தைத் தீர்த்தார்கள். நம் கரையில் இரண்டு. கொடுக்கின் மணிக்கட்டில், வெளிப்புறம், கூரான முள் இரண்டு இருந்தால் செர்ரேட்டா. ஒன்று மட்டும் மழுங்கலாக இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ ஒலிவேசியா. கயிற்றை அவிழ்த்துப் பார்க்க வேண்டாம். அப்புறம் நண்டு உங்கள் விரலை வகைப்படுத்தும்!

● சிங்கி இறாலில் ஊர் தெரியுமா?
(லோதி காலனி வாசகர்)

ஓரளவு தெரியும். வால் வளையங்களை வருடுங்கள். குறுக்கே பள்ளம் ஓடி, அதன் விளிம்பு பிறை பிறையாக நெளிந்திருந்தால் ஹோமாரஸ் என்ற வகை. தென் தமிழகக் கடலில் அதிகம். பள்ளமே இல்லாமல் வெளிர் பட்டை மட்டும் இருந்தால் பாலிஃபேகஸ். மும்பை, குஜராத் பக்கம் அதிகம்.

● சாதா இறாலுக்கு?
(அதே வாசகர்)

தலையைக் கிள்ளுமுன் கொம்பைப் பாருங்கள். மேலும் கீழும் பல் இருந்தால் வெள்ளை இறால், வனாமி வகையறா. மேலே மட்டும் பல் இருந்தால் மெட்டாபீனியஸ் போன்ற வேறு வகை.

● ஓடு மெத்தென்று இருந்த நண்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்!
(கரோல்பாக் வாசகி)

அது சட்டை உரித்த நண்டு. ஓடு வளராது, நண்டு வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றியாக வேண்டும். புதியது கெட்டியாகும்வரை உள்ளே சதையைவிடத் தண்ணீரே அதிகம். வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அமுக்குங்கள். உள்வாங்கினால், "பையா, தூஸ்ரா!" (அண்ணே, வேற குடுங்க!). நண்டு வாங்க அவ்வளவு இந்தி போதும்.