புரோட்டோகால் சார்

பட்டமளிப்பு விழாவுக்குக் குடியரசுத் தலைவர் வருகிறார் என்று கடிதம் வந்த அன்றே பல்கலைக்கழகத்தில் ஒருவருக்குச் சுக்கிர திசை ஆரம்பித்துவிடும். மற்ற நாட்களில் அவர் தேர்வுப் பிரிவில் ஒரு மூலை மேஜைக்காரர். இப்போதோ துணைவேந்தரே ஆள் அனுப்பி, தான் எங்கே நிற்பது என்று கேட்பார். அவர்தான் புரோட்டோகால் சார்.

மனிதர்களை அவர் எண்ணால் அறிவார். மத்திய அரசின் முன்னுரிமைப் பட்டியல் அவருக்கு வாய்ப்பாடு. 1 குடியரசுத் தலைவர், 2 துணைத் தலைவர், 3 பிரதமர், 4 அந்தந்த மாநில ஆளுநர். பாரத ரத்னாவே வாங்கினாலும் 7ஏதான். "நமக்கு என்ன நம்பர் சார்?" என்று அலுவலக உதவியாளர் கேட்டால், "26-லேயே முடிஞ்சுடுதுப்பா" என்பார், உண்மையான வருத்தத்தோடு.

அவருக்கும் ஒரு சோகம் உண்டு. 2012-இல் பிரணாப் முகர்ஜி, 'மேதகு' என்கிற மரியாதையெல்லாம் வெளிநாட்டார் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சிகளோடு நிற்கட்டும், உள்நாட்டில் வேண்டாம் என்று முடிவெடுத்தார். சாருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த 'மாண்புமிகு'வை வட்டாரத்துக்கு வட்டாரம் போஸ்டரில் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்திருந்தது.

ஒத்திகையில்தான் அவரைப் பார்க்க வேண்டும். அந்த அலுவலக உதவியாளரையே நடு நாற்காலியில் உட்காரவைத்து, பதக்கம் வாங்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றுவார். "நீயா கையை நீட்டாதே. அவங்க நீட்டினா மட்டும் நீட்டு. குலுக்காதே. வணக்கம் சொன்னா யாருக்கும் வம்பில்லை. பொன்னாடையா? செக்யூரிட்டிகிட்ட கொடு. செல்ஃபின்னு வாயே திறக்காதே." நாற்காலியில் இருப்பவர் இதற்குள் நிஜமாகவே விறைத்துப்போயிருப்பார்.

கடைசிக் கட்டளை: காலில் விழக் கூடாது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இதுதான் கஷ்டம். மேடையும் பெரியவரும் ஒன்றாகத் தெரிந்தாலே முதுகு தானாக வளையும்.

ஒருமுறை தங்கப் பதக்கக்காரி ஒருத்தி ஃபோனோடு வந்து நின்றாள். அதில் 2022 பத்ம விருது விழா. வயது 125 என்று சொல்லப்பட்ட யோகி சிவானந்தா மண்டியிட்டு வணங்க, ராம்நாத் கோவிந்த் குனிந்து அவரைத் தூக்கிவிடுகிறார். சார் அசரவில்லை. "சாமியார். அவருக்குத் தள்ளுபடி."

அடுத்து 2019. நூறு வயதைத் தாண்டிய சாலுமரத திம்மக்கா, கேமராவைப் பாருங்கள் என்று சொன்ன அதே கோவிந்தின் நெற்றியில் கைவைத்து ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். சபை கைதட்டியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம மதுரை சின்னப்பிள்ளை? விருது கொடுத்த வாஜ்பாயே குனிஞ்சு அவங்க காலைத் தொட்டாரே சார்!"

இங்கே அவருக்கு உயிர் வந்துவிட்டது. "அவர் பிரதமர்மா. நம்பர் மூணு. ஒண்ணாம் நம்பருக்கு அது செல்லாது. நீ இடது பக்கமா ஏறி, வலது பக்கமா இறங்கு."