சூனியக் கருதுகோளும் எட்டுக் கப் தேத்தண்ணியும்

உடப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படித்த முதல் சொல்லே குடும்பத்தைக் கலக்கிவிட்டது. "சூனியக் கருதுகோள்" என்றேன். உள்ளே சுளகுச் சத்தம் நின்றது.

"யாருக்குடா சூனியம்?"

இது அந்தச் சூனியம் இல்லை, பூச்சியம் என்று அம்மாவுக்கு விளக்கினேன். உரம் போட்ட தென்னைக்கும் போடாத தென்னைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். பிறகு தேங்காயை எண்ணிப் பார்த்து, அப்படி வைத்ததை எடுக்க முடியுமா என்று பார்ப்போம்.

"வைக்கிறதும் நீ, எடுக்கிறதும் நீ. அப்ப காசு யாருக்கு?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் பதில் இல்லை.

விஷயம் இதுதான். பேராதனையில் 1975 முதல் இயங்கும் விவசாய பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில், பயிர் விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. கையில் மூன்று மாதம். செடி கொடி என்றால் எனக்குப் பயமில்லை. புள்ளிவிபரவியல் என்றால்தான் வயிற்றைக் கலக்கும். அதற்குப் பள்ளிக்கூடமே காரணம். எங்கள் கணிதப் புத்தகத்தில் சராசரிக்குப் பெயர் இடை. அடிக்கடி வரும் எண்ணுக்குப் பெயர் ஆகாரம். ஆகாரம் கூடினால் இடையும் கூடும் என்பதைத் தவிர அந்தப் பாடத்தில் எனக்கு எதுவும் ஒட்டவில்லை. இந்த முறை ஒழுங்காகப் படிப்போம் என்று தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதில் ஆகாரம் 'முகடு' ஆகியிருந்தது. எங்கள் நியம விலகல் 'திட்ட விலக்கம்' ஆகியிருந்தது. பாக்குநீரிணையைத் தாண்டினால் விலகல்கூட விலகிப்போகிறது. எப்படியும் பேராதனையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் போன வருடம் இதே கண்டத்தைத் தாண்டியவன். தொலைபேசியில் யோசனை கேட்டேன்.

"முதல்ல ஆர் படி" என்றான்.

"யார் படிக்கிறது? நான்தான்."

"நீதான். ஆர் படி."

ஆர் என்பது ஆக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் ரொபர்ட் ஜென்டில்மனும் தொடங்கிய இலவசக் கணிப்பு மொழி என்று புரிவதற்குள் எனக்கு இருநூறு ரூபாய் ரீலோட் கரைந்துவிட்டது.

அடுத்த ஆலோசகர் மாமா. ஆறு தென்னை வைத்திருக்கிறார், ஆகவே ஆராய்ச்சியாளர். எங்கள் புத்தளம் மாவட்டத்திலேயே லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி 1929 முதல் நடக்கிறது, ஆனால் மாமா அதற்கு முன்பே எல்லாம் கண்டுபிடித்துவிட்டவர் போலப் பேசுவார். "போன வருஷம் மூணு மரத்துக்கு உப்புப் போட்டேன். இந்த வருஷம் பாரு, காய்ச்சுத் தள்ளுது."

புத்தளத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. தென்னைக்குக் குளோரைட் வேண்டும் என்பதும் உண்மைதான். பிலிப்பைன்ஸில் உப்பை உரமாகவே போடுகிறார்கள். ஆனால் கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து கொட்டும் கரையில் இன்னும் எதற்கு? அதுவும் போகட்டும். பாளைக் குருத்து மரத்துக்குள் உருவாகத் தொடங்கி, பாளை வெடித்து, காய் முற்றிக் கீழே வர மூன்று வருடத்துக்கும் மேலாகும். இந்த வருடத்துக் குலைகள் மாமா உப்பு மூட்டையைத் தூக்குவதற்கு முன்பே கருக்கொண்டவை. பிஞ்சு உதிர்வு குறைந்திருக்கலாம், சரி. ஆனாலும் புத்தகத்தில் படித்த கேள்வியைக் கேட்டேன்.

"எந்த மூணு மரம், மாமா?"

"கிணத்தடி மரங்கதான். மூட்டையை அதுக்கு மேல தூக்க ஏலாது."

கிணற்றடி. ஊரே குளிக்கும், மாமி பாத்திரம் கழுவும், மீன் கழுவிய தண்ணீர் வந்து சேரும் கிணற்றடி. மற்ற மூன்று மரங்களும் வேலியோரத்துச் சுடுமணலில். இதில் காய்த்தது உப்பா, தண்ணீரா, மீன் செதிலா? ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காத சங்கதி, மாமாவின் முதுகுவலியால் விளங்கியது. எந்த மரத்துக்கு உப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். முதுகைக் கேட்கக் கூடாது.

சீட்டுக் குலுக்கலை ஒரு விஞ்ஞானமாகவே ஆக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். அங்கே முரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆராய்ச்சியாளர், கப்பில் பாலை முதலில் விட்டார்களா, தேத்தண்ணியை முதலில் விட்டார்களா என்று குடித்தே சொல்வேன் என்றாராம். எட்டுக் கப், நாலு இப்படி, நாலு அப்படி. சும்மா ஊகித்தால் எட்டும் சரிவர 70-இல் ஒரு வாய்ப்பு. அதற்கு முன்பே, 1908-இல், பியர் காய்ச்சும் கின்னஸ் கொம்பனியின் கொஸெட் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதியதிலிருந்துதான் டி-டெஸ்ட் வந்தது. பெயரில் டீ இருப்பது பியரிலிருந்து வந்திருக்கிறது. டீயிலிருந்து வந்ததற்கு வேறு பெயர். இப்படிப்பட்டவர்களிடம் எங்கள் தமிழ்ச் சொற்களைப் பற்றி நான் குறைசொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டிலும் ஒரு பிரிஸ்டல் உண்டு. கோயில் கிணற்றுத் தண்ணியில் போட்ட தேத்தண்ணியையும் சித்தி வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் போட்டதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பது அம்மாவின் பல வருடத்துச் சவால். ஒரு பின்னேரம் எட்டுக் கப் வைத்தேன். எட்டும் சரி! எழுபதில் ஒன்று! சூனியத்தை எடுத்துவிட்டேன் என்று குதித்தேன்.

"எப்படியம்மா?"

"முதல்ல ஊத்தின நாலும் ஆறிக் கிடந்துச்சே. நீ கோயில் தண்ணியத்தானே முதல்ல கொதிக்க வைப்ப."

அதுவும் கிணற்றடி மரம்தான். மறுபடி இரண்டு கேத்தலையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, எட்டுத் துண்டுக் காகிதத்தைச் சுருட்டிக் குலுக்கி, சீட்டு வந்த வரிசையில் ஊற்றினேன். கோயில் கப் நாலில் மூன்றைத்தான் அம்மா கண்டுபிடித்தார். மூன்றோ அதற்கு மேலோ ஊகத்திலேயே சரிவர 70-இல் 17 வாய்ப்பு. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"அப்ப அம்மன் தண்ணிக்கும் உன் சித்தி தண்ணிக்கும் வித்தியாசமே இல்லைங்குதா உன் படிப்பு?"

"இல்லைன்னு சொல்லல அம்மா. இருக்குன்னு சொல்லச் சான்று பத்தலைன்னுதான் சொல்லுது."

"அப்புக்காத்து மாதிரிப் பேசாத."

அன்றிரவு ஒரு மணிக்கும் வீட்டில் யாரும் தூங்கவில்லை. வாய் வைத்த கப்பை வீணாக்கக் கூடாது என்று பதினாறையும் அம்மாவும் நானும் பங்குபோட்டுக் குடித்திருந்தோம். இருட்டில் அம்மாவின் குரல் கேட்டது: "அந்த அஞ்சாவது கப்ல சீனி குறைவு. நாளைக்குத் திருப்பி வை."