பறக்கும் காளையும் பேஸ் பேப்பரும்

மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் நான்கு ஆண்டுகளில் இரண்டு வகை வேலை செய்கிறார். யாரும் கேட்காமலே இரவெல்லாம் கண்விழித்துச் செய்வது ஒன்று. அதற்குப் பெயர் கேம். எல்லோரும் கேட்டும் கடைசி வாரம்வரை தொடாமல் வைத்திருப்பது இன்னொன்று. அதற்குப் பெயர் புராஜெக்ட். முன்னது விளையாட்டு, பின்னது ஆராய்ச்சி என்பது கல்லூரியின் கணக்கு. கிட்டே போய்ப் பார்த்தால் பெயர்ப்பலகைகள் இரண்டும் இடம் மாறித் தொங்குவது தெரியும்.

கேமுக்குக் கரு தேடி இந்த ஊர்க்காரர் அலைய வேண்டியதில்லை. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று மூன்று ஜல்லிக்கட்டு லெவல்களை ஊரே பிரித்துக் கொடுத்திருக்கிறது. 2024இல் கீழக்கரையில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கத்தைப் போனஸ் லெவலாக வைத்துக்கொள்ளலாம். வாடிவாசல் திறக்கும், காளை பாயும், வீரர் திமிலைப் பிடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான், நோட்டில் அரைப் பக்கம்.

தொல்லை காளை வெளியே வந்த பிறகு தொடங்குகிறது. திரையில் தெரிவது கொம்பும் வாலும் திமிலும் உள்ள காளை. கேம் எஞ்சினின் கண்ணுக்கு அது ஒரு மாத்திரை வடிவம், அவ்வளவே. வினாடிக்கு ஐம்பது அறுபது முறை அந்த மாத்திரை எதையாவது தொடுகிறதா என்று எஞ்சின் பார்க்கும். இடைப்பட்ட நேரத்தில் நடப்பது அதற்குத் தெரியாது. ஆகவே வேகமாக ஓடும் காளையின் திமில் ஒரு சோதனையில் வீரரின் கைக்கு முன்னாலும் அடுத்த சோதனையில் பின்னாலும் இருக்கும். தொட்டதற்குச் சாட்சி இல்லை. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வாடிவாசல் குறுகலாக இருந்து காளையின் மாத்திரை சுவருக்குள் கொஞ்சம் புதைந்துவிட்டால், இரண்டு திடப்பொருள் ஓரிடத்தில் இருக்கக்கூடாது என்ற கொள்கையில் எஞ்சின் காளையை வெளியே தள்ளும். எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. வானம் காலியாக இருப்பதால் பல சமயம் அந்தப் பக்கம்தான். “மாப்ள, மாடு பறக்குதுடா!” என்று அறைத்தோழர் கத்துவார். “அது ஃபீச்சர்டா” என்பது இத்துறையில் உலகம் முழுவதும் வழங்கும் பதில்.

பறப்பதை நிறுத்த முடியாதவர் எஞ்சினை மாற்றுவார். அதற்கு ஒரு சாக்கும் வந்தது. 2023 செப்டம்பரில் கேம் எஞ்சின் தயாரிக்கும் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. இரண்டு லட்சம் நிறுவல்களுக்குமேல் போனவர்களுக்குத்தான் அந்தக் கவலை. தன் கேமைத் தானும் இன்னும் முழுசாக நிறுவாத மாணவர்களும் கொதித்தெழுந்து, 2014 முதல் திறமூலமாகக் கிடைக்கும் கோடோ எஞ்சினுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஓராண்டில் யூனிட்டி அந்தக் கட்டணத்தையே கைவிட்டது. காளை புதிய எஞ்சினிலும் பறந்தது.

அடுத்த ஆசை ஊரையே கேமாக்குவது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதி அமைந்த ஊர், வழிதேடும் நிரலுக்கு வாய்த்த வரப்பிரசாதம். ஷேக்கி என்ற ரோபோவை நடத்தும் முயற்சியில் பிறந்து 1968இல் வெளியான ஏ-ஸ்டார் முறை, இன்று கேம் ஆட்டோவை மாசி வீதியிலிருந்து வெளி வீதிக்கு மிகக் குறுகிய வழியில் கொண்டுபோகும். ஒருவழிப் பாதை என்று சொல்லிக்கொடுத்தால் அதையும் மதிக்கும். அந்த ஒரு காரணத்தாலேயே அது நிஜ ஆட்டோ இல்லை என்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் பறவைக் கூட்டத்துக்காக எழுதிய மூன்று விதிகள் கைகொடுக்கும்: இடிக்காதே, பக்கத்தில் இருப்பவர் போகும் திசையில் போ, கூட்டத்தோடு சேர்ந்து நில். கள்ளழகர் வைகையில் இறங்கும் காலையை உருவாக்க, முதல் விதியை எடுத்துவிட்டால் போதும்.

இனி புராஜெக்ட். இதில் முதல் கேள்வி “என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்?” என்பதல்ல, “பேஸ் பேப்பர் எங்கப்பா?” என்பது. யாரோ ஏற்கெனவே செய்ததைக் காட்டினால்தான் புதிதாக ஒன்றைச் செய்ய அனுமதி. எனவே இலை நோய் கண்டறிதல் என்ற தலைப்பு ஆண்டுதோறும் தவறாமல் துளிர்க்கிறது. பிளாண்ட்வில்லேஜ் என்ற தொகுப்பில் 14 பயிர்களின் 54,306 இலைப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2016இல் அவற்றைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு கணினி மாதிரி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. இந்த எண் எல்லா ரிவ்யூவிலும் திரையேறும். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே மாதிரி சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கியது என்று அதே கட்டுரை சொல்வது திரையேறுவதில்லை. அந்த 14 பயிர்களில் மல்லிகை கிடையாது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் இலையை நீட்டினால், மாதிரி தனக்குத் தெரிந்த 38 விடைகளில் ஒன்றைச் சொல்லியே தீரும். ஆப்பிளுக்கு வரும் நோயாகவும் இருக்கலாம். எக்ஸ்டர்னல் தேர்வாளர் தன் உள்ளங்கையை நீட்டினாலும் அதற்கும் ஒரு நோய் வரும். வைவாவில் அப்படி நீட்டிப் பார்ப்பவர் இல்லாததால் மாணவர் தேறிவிடுகிறார், ஸ்பைரல் பைண்டிங் கடைக்காரரும் பிழைக்கிறார்.

கணினி உலகத்தின் மூத்தவர்கள் விளையாட்டையும் ஆராய்ச்சியையும் இப்படிப் பிரித்து வைக்கவில்லை. 1952இல் கேம்பிரிட்ஜில் ஏ.எஸ். டக்ளஸ் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகவே எட்சாக் கணினியில் பூஜ்ஜியம்-பெருக்கல் கட்ட ஆட்டத்தை எழுதினார். ஆர்தர் சாமுவேல் 1959இல் இயந்திரக் கற்றல் என்ற பெயரைத் தலைப்பிலேயே போட்டு வெளியிட்ட கட்டுரை, செக்கர்ஸ் ஆட்டத்தைப் பற்றியது. இலை நோய் கண்டறிபவர் நம்பியிருக்கும் துறை, பலகை ஆட்டத்தின் மடியில் வளர்ந்தது.

மதுரை மாணவருக்கு அத்தகைய பலகை வெகு தொலைவில் இல்லை. தமிழ்நாட்டுப் பாறைகளிலும் கோயில் மண்டபத் தரைகளிலும் கீறியிருக்கும் ஆடுபுலி ஆட்டம் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள் கொண்டது. இதன் நேபாள உறவான பாக்-சாலில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் பாக்-சால் சமனில் முடியும் என்று யூ ஜின் லிம்மும் யூர்க் நீவர்கெல்ட்டும் கணினியால் நிறுவியிருக்கிறார்கள். நம்முடையது அதைவிடச் சிறியது. புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். மிச்சமுள்ள 20 புள்ளிகளில் 15 வரையிலான ஆடுகளை 10,42,380 விதமாக வைக்கலாம். பெருக்கினால் ஏறத்தாழ 185 கோடி நிலைகள், யார் முறை என்பதையும் சேர்த்தால் 370 கோடி. வெற்றி, தோல்வி, சமன் என்று குறிக்க நிலைக்கு இரண்டு பிட் வீதம் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கும் கட்டம் கணக்கைப் பெருக்கும். ஆனால் இறக்கிய ஆடு கைக்குத் திரும்புவதில்லை, ஆகவே கடைசியிலிருந்து படிப்படியாகப் பின்னோக்கிப் போடலாம். எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும். அதைத் தீர்மானிக்கும் அல்காரிதம் கிடையாது. பெரியவர்களை உட்காரவைத்துத்தான் பேச வேண்டும்.

அடுத்த ஆண்டு தலைப்பு தேடுபவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். பேஸ் பேப்பர் கேட்டால் பாக்-சால் கட்டுரையை நீட்டுங்கள், டேட்டாசெட் கேட்டால் அப்பத்தாவைக் கேட்டு விதிகளை எழுதி வாருங்கள். தலைப்பில் மட்டும் விளையாட்டு என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.