தியாகராஜருக்கு ஐம்பது ரியால்

தம்மாமில் தியாகராஜர் இப்போது ஐம்பது ரியாலுக்குப் போகிறார். பி.டி.எஃப்.தான். தீட்சிதரையும் சியாமா சாஸ்திரியையும் சேர்த்து வாங்கினால் காம்போ, நூற்றிருபது.

அந்த ஊரின் சீக்கோ பகுதியில் கீபோர்டு வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளுக்கு, பணம் ஏறிய கையோடு ஸ்வரத் தாள்கள் வாட்ஸ்அப்பில் இறங்கும். கூடவே ஒரு மிரட்டல்: "யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். காப்புரிமை எங்களுக்கே."

எந்தக் காப்புரிமை, மாஸ்டர்? தியாகராஜர் 1847-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆசிரியர் இறந்து இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டு, சவூதிச் சட்டத்தில் 50 ஆண்டு, அதோடு தீர்ந்தது. நடுவில் உங்களுக்கு உயில் எழுதி வைத்தது யார்?

தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. ராத்தூக்கம் கெட்டு ஸ்வரம் தட்டி, 'இலவசமாகப் பகிரலாம்' என்று போட்ட புண்ணியவானின் பெயர் அதற்கடியில் இருக்கிறது. பட்டை சரியாக ஒட்டவில்லை. 'இலவ' மட்டும் எட்டிப் பார்க்கிறது.

விற்பது குற்றமில்லை என்பார்கள். சரி. பொதுச் சொத்தை யாரும் விற்கலாம். தாளுக்கு, மைக்கு, பிழை திருத்திய கண்ணுக்குக் காசு கேட்டால் கும்பிட்டுக் கொடுக்கலாம். இங்கே நடந்த ஒரே உழைப்பு அந்த வெள்ளைப் பட்டைதான்.

1892-இல் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேற்கத்திய நொடேஷனில் அச்சிடத் தொடங்கினார். கைக்காசு கரைந்தது, பார்வையும் மங்கியது. அவர் விடாமல் தூண்டியதில்தான் சுப்பராம தீட்சிதர் எழுத உட்கார்ந்தார்; எட்டயபுரம் சமஸ்தானம் துணை நிற்க, 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. பாவம், காம்போ போட்டு விற்கும் சூட்சுமம் தெரியாத ஜென்மங்கள்!

அதே விலைப்பட்டியலில் இளையராஜா பாட்டுகளும் 'ஃபுல் செட்' இருக்கிறது. நெட்டில் சும்மா கிடைத்ததாம். அனுமதி வாங்காமல் மேடையில் பாடாதே என்று 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போன பாட்டுகள் அவை. ஆக, உரிமை முடிந்துபோனவர் சொத்துக்குப் பூட்டு. உரிமையோடு உட்கார்ந்திருப்பவர் சொத்துக்குக் கதவே கிடையாது. சட்டத்தை இப்படித் தலைகீழாகப் படிக்கவும் சாதகம் வேண்டும்.

போன மாதம் ஓர் அம்மா, ஜுபைலில் இருக்கும் தங்கை மகளுக்கு அந்தத் தாள்களை அனுப்பிவிட்டார். எப்படியோ செய்தி எட்டியது. "நாணயமில்லாதவர்களுக்கு இங்கே சங்கீதம் கிடையாது" என்று குழுவில் ஓர் அறிவிப்பு. அடுத்த நிமிஷம் பிள்ளையின் பெயர் நீக்கம். கட்டிய ஃபீஸ் திரும்பாது.