மூணே முக்கால் ரூபாய் வட்டி

போச்சம்பள்ளிப் பக்கத்தில் வட்டியைச் சதவீதத்தில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் வட்டி உறவுக்குள். இரண்டு ரூபாய் தெரிந்தவர்களுக்குள். மூன்று ரூபாய் என்று வாயைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆடு பிடிக்க வந்தவர்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிப்பட்ட ஊரில், சிப்காட் கம்பெனி வாசலில் குடை விரித்து உட்கார்ந்த டை கட்டிய பையன்கள் கொடுத்த கிரெடிட் கார்டின் வட்டி மூணே முக்கால் ரூபாய். வருஷத்துக்கு 45 சதவீதம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. டை கட்டியிருந்ததால் யாருக்கும் கந்துவட்டி ஞாபகம் வரவில்லை.

வந்தாலும் பயனில்லை. தமிழ்நாட்டின் 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் வங்கி கார்டைத் தொடாது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. வட்டிக்கு வரம்பு போடுவது ஆணையத்தின் வேலை இல்லை, ரிசர்வ் வங்கியின் வேலை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பதினாறு வருஷ வழக்கு. அத்தனை வருஷமும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

என்னிடம் இருந்தவை மூன்று கார்டுகள். கடன் ஏறியது போர்வெல்லால். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. அதை எங்கள் தோட்டம் ஆயிரம் அடி வரைக்கும் நிரூபித்தது. வண்டிக்காரர் ரொக்கம்தான் வாங்குவார். குழாய், மோட்டார், கேபிள் எல்லாம் கார்டில் தேய்த்தேன். தண்ணீர் வரவில்லை, ஸ்டேட்மென்ட் தேதி தவறாமல் வந்தது. கடைசியில் வீட்டுக்காரியின் சங்கிலியையும் வளையலையும் வங்கியில் அடகு வைத்து, நகைக்கடனை எடுத்து மூன்று கார்டையும் அடைத்தோம். நகைக்கடன் 9 சதவீதம், அதாவது முக்கால் ரூபாய் வட்டி. ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கேட்ட மாமனார் முதல்முறையாக என்னைக் கணக்குத் தெரிந்த ஆளாகப் பார்த்தார்.

அடைத்த பிறகுதான் பஞ்சாயத்து. கார்டுகளை வைத்துக்கொள்வதா, மூடுவதா?

“வீட்டுல இருக்க வேண்டியது பேங்குல இருக்கு. பேங்குக்குப் போக வேண்டியது வீட்டுல இருக்கு. இதுல யோசிக்க என்னங்க இருக்கு?” என்றாள் வீட்டுக்காரி. நகைக்கு உரிமையாளர் என்ற முறையில் அவளுக்கு வாக்குரிமை உண்டு. உண்மையில் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

எதிர்த்தரப்பு, என் ஷிஃப்டில் வேலை பார்க்கும் நண்பர். “மூடினா சிபில் இறங்கிடும் சார்” என்றார். இந்தப் பக்கத்தில் சிபில் என்கிற கடன் மதிப்பெண் இப்போது ரத்த அழுத்தம் மாதிரி, இருக்கிறவன் இல்லாதவன் எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள். 300-ல் ஆரம்பித்து 900 வரை. 2025-ல் மகாராஷ்டிரத்தின் முர்திஜாபூரில் மாப்பிள்ளையின் சிபிலைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தினார்கள் என்று செய்தி வந்தது. ஜாதகத்தில் செவ்வாய்க்குப் பரிகாரம் உண்டு. 550-க்கு என்ன பரிகாரம்?

மாமனாருக்கும் பார்த்துவிடலாம் என்று அவருடைய பான் எண்ணைத் தட்டினோம். வாழ்நாள் முழுக்க ரொக்கத்தில் ஆடு வாங்கி ரொக்கத்தில் விற்றவர், ஒருவனுக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காதவர். வந்த மதிப்பெண்: மைனஸ் 1. கடன் சரித்திரமே இல்லாதவர்களுக்கு அப்படித்தான் காட்டும். போர்வெல்லில் மூழ்கி எழுந்த எனக்கு எழுநூற்றுச் சொச்சம். நாணயமான மனிதருக்கு மைனஸ் போடும் பரீட்சையை யார் வைத்தார்களோ, அவர்கள் சந்தைப் பக்கம் வந்ததில்லை.

ஆனாலும் நண்பர் சொன்னதில் விஷயம் இருந்தது. மூன்று கார்டின் லிமிட் இரண்டு லட்சம், ஒரு லட்சம், ஐம்பதாயிரம்; மொத்தம் மூன்றரை லட்சம். மாதம் பதினைந்தாயிரம் தேய்த்தால் நாலு சதவீதச் சொச்சம்தான் பயன்பாடு. பெரிய இரண்டையும் மூடிவிட்டால் அதே பதினைந்தாயிரம் 30 சதவீதம் ஆகிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் மதிப்பெண் சுணங்கும் என்பார்கள். செலவு ஒரு ரூபாய் கூடவில்லை, ஆனால் நான் திடீரென்று பணமுடைக்காரன். பழைய கார்டை மூடினால் சரித்திரம் அழிந்துவிடும் என்ற பயம் மட்டும் அவ்வளவாகத் தேவையில்லை. மூடிய கணக்கும் அறிக்கையில் வருஷக்கணக்கில் நிற்கும். நிற்பது ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர்களுக்கு ‘செட்டில்டு’ என்று விழும். கேட்க நல்ல வார்த்தைதான், அடுத்த கடனுக்குப் போனால் அதன் குணம் தெரியும்.

மாமனார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வருஷக் கட்டணம் உண்டா மாப்ள?” என்றார். இரண்டு கார்டுக்கு உண்டு. “குட்டி போடாத ஆட்டுக்குத் தீனி போட்டு எதுக்கு வளர்க்கறீங்க?”

ஒன்றும் செய்யாமல் பீரோவில் போட்டுவைப்பது மூன்றாவது வழி. என் சுபாவத்துக்கு ஏற்றது. நம்மைப் போன்றவர்களை ரிசர்வ் வங்கியும் நினைத்துப் பார்த்திருக்கிறது. 2022-ல் போட்ட விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் தேய்க்காத கார்டை மூடப்போவதாக வங்கியே தகவல் அனுப்பலாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மூடிவிடலாம். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கண்ணியமான அங்கீகாரம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு வருஷத்துக்குள் வருஷக் கட்டணம் விழுந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் இதேதான்: வெட்டுப்படுவது பிளாஸ்டிக் மட்டும், கணக்கு உயிரோடு இருக்கும்.

அதே விதியில் நமக்குச் சாதகமானதும் உண்டு. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். வங்கி நமக்கு அபராதம் கட்டும் என்பதைப் படித்ததும் நான் இருமுறை கண்ணாடியைத் துடைத்தேன். தாமதம் ஆகட்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டதையும் மறைக்கப் போவதில்லை.

தீர்மானம் இதுதான்: கட்டணம் இல்லாத, பழைய, ஐம்பதாயிரம் லிமிட் கார்டு இருக்கட்டும், மாதம் பெட்ரோலுக்கு மட்டும். மற்ற இரண்டும் போகட்டும். நகையைத் திருப்பும்வரை வேறு கடனுக்கு நிற்கப்போவதில்லை, அதனால் கொஞ்சம் சிபில் இறங்கினாலும் குடி முழுகாது. மூடுவதற்கு முன் கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கான ஃபாஸ்டேக் ரீசார்ஜை, மூடப்போகும் கார்டு ஒன்றிலிருந்து கழற்றினேன்; இல்லையென்றால் லாரிகளுக்கு நடுவே தடுப்புக் கட்டையின் முன்னால்தான் கார்டு மூடியது தெரியவரும். முழுத்தொகை கட்டிய மறுமாதம், இடைப்பட்ட நாட்களுக்கென்று சில்லறை வட்டி ஒன்று வந்தது. அதையும் கட்டினேன். ரிவார்டு பாயிண்ட்டுக்கு ஒரு ஃபிளாஸ்க் வந்தது.

பிறகு கஸ்டமர் கேர். ஊர்ப் பேரைப் பார்த்ததும் அந்தத் தம்பி தெலுங்கில் ஆரம்பித்தார். தெலங்கானாவில் சேலைக்குப் பேர்போன போச்சம்பள்ளி ஒன்று உண்டு, பாவம். எங்கள் பக்கத்தில் தெலுங்குக்குப் பஞ்சமில்லை, நானும் தெலுங்கிலேயே போனேன். நடுவில் வீட்டுக்காரி ஏதோ சொல்ல நான் தமிழில் பதில் சொன்னதும், அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். திருப்பத்தூர்க்காரராம்.

“எதுக்கு சார் க்ளோஸ் பண்றீங்க? வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணித் தர்றேன்.”

வேண்டாம் என்றேன்.

“லிமிட்டை மூணு லட்சமா ஏத்தித் தர்றேன் சார்.”

“தம்பி, வீட்டம்மா நகையை அடகு வெச்சு அடைச்சிருக்கேன். பக்கத்துலதான் நிக்கறாங்க.”

எதிர்முனையில் எழுதிக் கொடுத்த வசனம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “எத்தனை பவுன் சார்?” என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒரு சலுகையும் சொல்லவில்லை. கோரிக்கை எண்ணைக் கொடுத்தார், ஏழு வேலை நாள் என்றார். ஐந்தாவது நாளே மூடிவிட்டார்கள். 500 ரூபாய் போச்சு.