அப்பான்னா அப்பாதான் சார்

என் மீசை இன்று இடதுபக்கம் ஒரு நூல் குறைந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போகிறார்கள். காரணம் கொரிய மொழி.

நேற்றுக் காலை பாரதியார் வீதிப் பக்கம் ஒரு சலூனில் உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் நுரை, ஒரு காதில் இயர்போன், மடியில் செல்போன். பதினோராம் நாள் பாடம். பாடம் நடத்துகிற அம்மா "கம்சாஹம்னிதா" என்றார். நானும் நுரைக்குள்ளிருந்து "கம்சாஹம்னிதா" என்றேன். நன்றி என்று அர்த்தம். கத்தி நின்றது.

"என்ன சார், கொரியனா?"

"உம்."

"அது தமிழ்தான் சார். அப்பாவை அப்பான்னுதான் சொல்றான். அம்மாவை அம்மான்னுதான் சொல்றான்."

அம்மா இல்லை, 'ஒம்மா' என்று திருத்த வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கத்தி மீசை ஓரத்துக்கு வந்திருந்தது.

இந்த வயதில் எதற்குக் கொரியன் என்று கேட்பீர்கள். நியாயமான காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த அப்பா சமாசாரத்தை இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

பதினோரு நாளில் எனக்கு இதைச் சொன்னவர்கள்: பால்காரர், மருந்துக்கடைக்காரர், நாகப்பட்டினம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், என் சம்பந்தி (இரண்டு தடவை), பல்லைப் பிடுங்கிக்கொண்டே ஒரு பல் டாக்டர். கொரியன் என்ற சொல் காதில் விழுந்ததும் இவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். உடனே, எங்கள் ஊர் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிற மாதிரி வீச ஆரம்பிப்பார்கள். அப்பா! நா! நீ! புல்! நாள்! கீழே நிற்பவன் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் மறுக்கவில்லை. அப்பா அங்கேயும் அப்பாதான். 'நா' என்றால் நான். 'புல்' புல்லேதான். 'நல்' என்றால் நாள். ஆனால் 'நீ' என்று இவர்கள் சொல்வது அங்கே 'நொ'. இதை நம்பிப் போய் ஒரு கொரியப் பெரியவரை 'நொ' என்று கூப்பிட்டால், சம்பந்தியை "ஏண்டா" என்று கூப்பிட்ட கதைதான். அடுத்தது அண்ணி. கொரியாவில் ஒரு பெண் தன் சொந்த அக்காவை 'ஒன்னி' என்று கூப்பிடுகிறாள். வாட்சப்பில் அது அண்ணியாகிவிட்டது. அக்காவை அண்ணி என்று கூப்பிட்டால் நம் வீட்டில் முதலில் அண்ணனுக்கு எங்கே போவது?

ஒத்துவராததை யாரும் பார்வர்டு செய்வதில்லை. 'முல்' என்றால் தண்ணீர். 'பல்' என்றால் கை. பல்லுக்கு 'இப்பல்' என்று வேறு சொல் இருக்கிறது. அதை மட்டும் பல் டாக்டர் தெரிந்து வைத்திருக்கிறார். 'கல்' என்றால் கத்தி. இந்தக் கடைசிச் சொல் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தது. அதனால் அதற்குமேல் வாதாடவில்லை.

இதை வாட்சப் ஆரம்பித்துவைத்தது என்றும் சொல்ல முடியாது. ஹோமர் ஹல்பர்ட் என்று ஒரு அமெரிக்கப் பாதிரியார் கொரியாவில் இருந்தார். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு இலக்கணப் புத்தகமே போட்டார். மொழியியல்காரர்கள் இந்த உறவை இன்றுவரை ஏற்கவில்லை. சம்பந்திக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாவது தடவை ஆதாரத்தோடு வந்தார். ஆதாரம் அதே பார்வர்டுதான், இந்தத் தடவை பச்சை எழுத்தில்.

சரி, எங்கள் ஊரை ஆண்டவர்களின் பிரெஞ்சுக்கு வருவோம். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739-இல். திரும்பி வந்தது 1954 நவம்பர் 1. நடுவே இங்கிலீஷ்காரன் சில தடவை பிடுங்கி வைத்துக்கொண்டதைக் கழிக்காவிட்டால் 215 வருஷம். அத்தனை வருஷமும் பிரெஞ்சுக்காரன் அப்பாவை 'பப்பா' என்றான், அம்மாவை 'மமான்' என்றான். அதிலும் பா இருக்கிறது, மா இருக்கிறது. பல் முளைக்காத குழந்தைக்கு உதட்டைச் சேர்த்துப் பிரிக்கத்தான் தெரியும். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் அவ்வளவுதான் வரும். பிரெஞ்சு தமிழ்தான் என்று எந்தக் காரைக்கால்காரராவது ஒரு வார்த்தை சொன்னாரா? 'மெர்சி', 'போன்ழூர்' என்று சொல்லிப் பழகினார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல், ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆகஸ்டு லீவில் பாரிசிலிருந்து வந்து நம் வெயிலைக் குறைசொல்கிறார்கள். என் தாத்தா நிதானமானவர். யோசித்து ஏழாவது மாதம் முடிவெடுத்தார்.

அதனால்தான் எங்கள் குடும்பத்தில் எந்த மொழியும் லேட்டாக வருகிறது. கொரிய எழுத்து செஜோங் அரசர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டது. கெட்டிக்காரனுக்கு ஒரு காலைப்பொழுது போதும், மந்தனுக்குப் பத்து நாள் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள். நான் பதினோராம் நாளில் இருக்கிறேன். உயிரெழுத்து மட்டும் வைத்து முதல் பாடம்: 'ஆயி, ஓயி, ஊயு'. குழந்தை, வெள்ளரிக்காய், பால். கூடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பழகினேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, வயித்த வலிக்குதா?"

என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். உண்மையிலேயே ஒத்துப்போகிற இடங்களை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் வாலில் வருகிறது. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஒரு 'உ' அங்கே இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அதைப் பல்லைக் காட்டிச் சிரித்தபடி 'உ' சொல்லச் சொல்லிப் பழக்குகிறார்கள். நமக்கு அது காசு, பாக்கு, நண்டு என்று பிறந்ததிலிருந்து வாயில் கிடக்கிற குற்றியலுகரம். பஸ்ஸை நாம் 'பஸ்ஸு' ஆக்கினோம், அவர்கள் 'பொஸு' ஆக்கினார்கள். அவர்களுக்கும் ஃப வராது. காபி அங்கே கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்துக் கோப்பி. ஆளைப் பார்த்ததும் 'பாப் மொகொஸ்ஸொயோ' என்கிறார்கள். சோறு சாப்பிட்டாச்சா என்று கேள்வி. கடைசியில் வரும் அந்த 'யோ' நம்முடைய 'ங்க'. அது இல்லாமல் பெரியவர்களிடம் பேசினால் அங்கேயும் முறைப்பார்கள்.

இதையெல்லாம் சம்பந்தியிடம் சொன்னேன். கொட்டாவி விட்டுவிட்டு, "இருந்தாலும் அப்பா பாருங்க" என்றார்.

சலூனுக்கு வருகிறேன். முகத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கமெல்லாம் காட்டினார். மீசையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல "போயிட்டு வரேன்" என்றேன்.

"இதுக்குக் கொரியன்ல என்ன சார்?"

அசந்துவிட்டேன். பதினோரு நாளில் என்னிடம் ஒரு மனிதர் கேட்ட முதல் கேள்வி. வாசலில் செருப்பை மாட்டப் போனவன் திரும்பி வந்தேன். "தான்யொ ஓகெஸ்ஸும்னிதா" என்றேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் அங்கேயும் போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்கிறான். வீட்டில் இருப்பவர்கள் 'தான்யொ ஓசெயோ' என்பார்கள், அது அப்படியே நம்ம போயிட்டு வாங்க. இங்கிலீஷில் கிடையாது, பிரெஞ்சில் கிடையாது. உலகத்தின் அந்த மூலையில் ஒருத்தனும் காரைக்காலில் ஒருத்தனும் படியிறங்கும்போது ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று, குரல் கொஞ்சம் தழுதழுக்கவே, விளக்கினேன்.

கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஒரு எழுத்துகூட ஒத்து வரலியே. இது மட்டும் தமிழ் இல்ல சார்."